கதிர்காமக் காட்டுப் பாதையில் குப்பை போடாமல் நடந்த கதை

இலங்கையின் கிழக்கே இருக்கும் குமண தேசியப் பூங்காவுக்குள் மற்ற நாட்களில் வாகனத்தில்தான் போகலாம். நினைத்த இடத்தில் இறங்கி நடக்க விடமாட்டார்கள். கதிர்காம முருகன் கோயில் கொடியேற்றத்தை ஒட்டி, பூங்கா வாசலான உகந்தையில் பாதயாத்திரைக்குக் காட்டுப் பாதை திறக்கும் அந்தக் கொஞ்ச நாட்களில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் கால்நடையாகப் போகிறோம். கடவுள் பேரால் கிடைக்கும் சலுகை அது. அதற்கு நாம் காட்டும் நன்றிதான் பாதை நெடுகக் குப்பையாகக் கிடக்கிறது.

போன முறை மட்டக்களப்பிலிருந்து கிளம்பிய எங்கள் குழு ஒன்றைத் தீர்மானித்திருந்தது: கொண்டு போகும் எதையும் காட்டில் விடுவதில்லை. சொல்ல லேசு.

வேலை வீட்டிலேயே தொடங்குகிறது. கடையில் வாங்கும் எல்லாமே பைக்கற்றில்தான் வருகிறது. அவல், வறுத்த அரிசிமா, பருப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் பழைய பால்மா டின்களுக்கு மாற்றினோம். துணிப்பையும் நல்லதுதான், ஆனால் அவல் ஈரம் இழுத்துவிடும். தண்ணீருக்கு ஆளுக்கொரு கேன். சாப்பிட ஒரு எவர்சில்வர் கோப்பை, அதிலேயே தேநீரும். இவ்வளவு போதும். மாற்றுடுப்பு, பாய் என்று அள்ளிக் கட்டுபவர்கள் குமுக்கன் ஆற்றுக்கு முன்பே பாரம் தாங்காமல் எதையாவது போட்டுவிட்டுப் போவார்கள், பார்த்திருக்கிறேன்.

உகந்தையில் முருகனைக் கும்பிட்டுவிட்டுப் பதிவுக்கு வரிசையில் நின்றோம். பைகளைத் திறந்து பார்க்கிறார்கள். "சாமி, பொலித்தீன் இருக்கா?" என்று கேட்ட தம்பிக்கு எங்கள் டின்களைத் திறந்து காட்டினேன். சிரித்துவிட்டார். ஆனால் அவ்வளவு கூட்டத்தில் எல்லாப் பையையும் கிளறிப் பார்க்க யாராலும் ஆகாது. எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு மூட்டைக்குள் சொப்பிங் பேக்குக்குள் சொப்பிங் பேக்காகப் போய்க்கொண்டிருந்தது.

உள்ளே போனதும் பாலை, வீரை மரங்கள், இடையிடையே வெட்டைவெளி. குமண வில்லு என்ற சதுப்பு நீர்நிலையில் பறவைகளைப் பார்க்க ஆசையிருந்தால் வேறொரு நாள் ஜீப் பிடித்து வாருங்கள். நடக்கும்போது கண் காலடியிலும் முன்னே போகிறவர் முதுகிலும்தான் இருக்கும். யானைப் பயத்தில் யாரும் தனியாகப் பிரிவதில்லை, பொழுதுபட்டபின் நடப்பதும் இல்லை.

குமுக்கன் ஆற்றங்கரையில் மருத மரங்களுக்குக் கீழே தங்கினோம். பாதை முழுவதிலும் எனக்குப் பிடித்த இடம் அதுதான். தண்ணீர் அளவாக ஓடியது. ஆற்றைக் கடந்தால் யால தேசியப் பூங்கா. இரவு சமைத்து முடிந்ததும் மிஞ்சிய பைக்கற்றுகளோடு நின்ற பொடியனிடம் ஒரு அம்மம்மா, "மனே, மண்ணுக்க புதைச்சிட்டு வா, மறுகா ஒண்டும் தெரியாது" என்றார். பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். விடிந்து பார்த்தால் அந்த இடத்தைப் பன்றி கிளறிப் போட்டிருந்தது. பிஸ்கட் உறை ஒன்று பாதி மென்றபடி கிடந்தது, அதில் பல் பதிந்த ஓட்டைகள். உப்பும் இனிப்பும் ஒட்டிய எதையும் மிருகங்கள் மண்ணுக்கடியிலிருந்தும் மோந்து எடுத்துவிடும். இதே அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு வருடங்களில் இருபது யானைகள் அளவில் செத்ததாக 2022இல் செய்தி வந்தது. எரிப்பதும் ஆகாது: அந்தக் கோடையில் சருகு ஒரு நெருப்புப் பொறிக்குக் காத்துக்கிடக்கும். ஆக, தோளில் சுமப்பது ஒன்றுதான் வழி. காலி உறைகளுக்குப் பாரம் ஏது?

நாவலடி தாண்டி வியாழை வரைக்குமான வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. குடித்தது போதாது, அவ்வளவுதான். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பாதையில் கிடக்கும் குப்பையில் பெரும்பங்கு வெறுங்காலோடு வரும் ஏழைச் சனங்கள் கொண்டுவந்ததல்ல. தானம் கொடுப்பவர்கள் கொடுத்தது. சின்னத் தண்ணீர்ப் போத்தல், குளுக்கோஸ் பைக்கற், ஒருமுறை குடித்து எறியும் கப். புண்ணியம் அவர்களுக்கு, போத்தல் காட்டுக்கு. தாகத்தில் வருகிறவர் கையை நீட்டாமல் இருப்பாரா? நாங்களும் நீட்டினோம். போத்தலை வேண்டாமென்று கோப்பையைக் காட்டியபோது ஓரிடத்தில் ஒரு அண்ணன் முகம் சுளித்தார். இன்னோரிடத்தில் பெரிய தாங்கியிலிருந்தே ஊற்றித் தந்தார்கள். அதுதான் எல்லோருக்கும் லாபம், செலவும் குறைவு.

வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று வழியில் கண்ணில் பட்டதையும் பொறுக்கிப் போட்டதில் இரண்டு உரச்சாக்கு நிறைந்துவிட்டது. கதிர்காமத்தில் விழாக்காலத் தொட்டிகள் நிரம்பி வழிந்ததால் சாக்குகளை ஊருக்கே கொண்டுவந்தோம். பஸ்ஸில் வைக்க விடுவதற்குக் கொண்டக்டரிடம் நல்லாகக் கெஞ்ச வேண்டியிருந்தது.

அடுத்த முறை பாதை திறக்கும் முன்பே தானக் குழுக்களிடம் போய்ப் பேசுவதாக இருக்கிறோம். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் தானக் குழுக்களைத் தெரிந்தவர்கள் கூட வந்தால் நல்லது. ஊர்க்காரர் சொன்னால்தான் கேட்பார்கள்.