ஜிஆர்/ஐஆர் கணக்கு ஏன் பூஜ்யம் ஆவதில்லை?

எஸ்ஏபி என்ற நிறுவன மென்பொருளில், வந்த சரக்கையும் வந்த பில்லையும் நேர்செய்யும் நடுக்கணக்குதான் ஜிஆர்/ஐஆர் (குட்ஸ் ரிசீப்ட்/இன்வாய்ஸ் ரிசீப்ட்). சரக்கு வந்ததும் கிடங்கில் மிகோ (சரக்கு வந்ததைப் பதியும் கட்டளை) போடுவார்கள்: இருப்பு பற்று, ஜிஆர்/ஐஆர் வரவு. பில் வந்ததும் கணக்குப் பிரிவு மிரோ (பில்லைப் பதியும் கட்டளை) போடும்: ஜிஆர்/ஐஆர் பற்று, சப்ளையர் வரவு. இரண்டும் ஒத்துப்போனால் நடுக்கணக்கு பூஜ்யமாக வேண்டும்.

ஆனால் கிடங்கில் 96 பெட்டி வந்ததாகப் பதிந்து, பில்லை 100க்குப் பதிந்தால் 4 பெட்டியின் மதிப்பு பற்றில் தொங்கும். எம்பி5எஸ் அறிக்கையை ஆர்டர் வாரியாக எடுத்தால் இது தெரிந்துவிடும். மீதி 4 பெட்டி வருமா, கிரெடிட் நோட்டா என்று முதலில் சப்ளையரிடம் கேளுங்கள். தொகை ஒத்துப்போன வரிகளை எஃப்.13 என்ற கட்டளை தானே நேர்செய்யும்.

இனி சரக்கோ பில்லோ வரவே வராத மிச்சத்தை நீக்கத்தான் எம்ஆர்11 கட்டளை. மாதக் கடைசி அவசரத்தில் எல்லா ஆர்டரையும் சேர்த்து ஓட்டுவது பெருந்தவறு. சரக்கு வந்து, பில் மட்டும் தாமதமான ஆர்டர்களின் கடன் பொறுப்பும் ஏட்டிலிருந்து காணாமல் போகும், ஆடிட்டர் விடமாட்டார். எம்ஆர்11 திரையில் கடைசி அசைவுத் தேதியை (ஆர்டரில் கடைசியாகப் பதிவு நடந்த நாளுக்கான வரம்பு) 90 நாளாவது முந்தையதாக வைத்து, முதலில் பட்டியலை மட்டும் பாருங்கள். தப்பாகப் பதிந்துவிட்டால் எம்ஆர்11ஷோவில் அந்த ஆவணத்தை ரத்து செய்யலாம்.