பக்கத்து நாற்காலி

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் கீமோ வார்டில் செவிலியராக இருக்கும் எங்களிடம் ஒரு பெண் முதல் நாள் கேட்கும் கேள்விகள் வேறு, நாங்கள் நகர்ந்த பிறகு பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் கேட்பவை வேறு. எங்களிடம், "எத்தனை சைக்கிள் சிஸ்டர்? வாந்தி வருமா? இன்னிக்கு எத்தனை மணி ஆகும்?" என்பார். சைக்கிள் என்றால் ஒரு சுற்று மருந்து. பக்கத்து நாற்காலியிடம், "முடி எப்பங்க கொட்ட ஆரம்பிச்சது? பிள்ளைங்ககிட்ட என்ன சொன்னீங்க? ஆபரேஷன் பண்ண இடத்தைக் கண்ணாடியில எப்ப பார்த்தீங்க?" என்பார். இந்த இரண்டாவது வகைக் கேள்விகளை மருந்துப் பையை மாற்றிக்கொண்டே பல வருடமாகக் காதில் வாங்கி வருகிறேன். ஒட்டுக்கேட்பது என்று சொன்னாலும் தப்பில்லை. நாற்காலிகளுக்கு நடுவே ஒரு திரைதான் இருக்கிறது, அதையும் பாதி நேரம் யாரும் இழுப்பதில்லை.

மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் டாக்ஸோரூபிசின் என்று ஒன்று. அதன் நிறத்தால் வார்டில் எல்லோருக்கும் அது 'சிவப்பு மருந்து'. ஏறிய பிறகு ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போகும், அது ரத்தம் இல்லை, பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவோம். முதல் டோஸ் முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும் என்றும் சொல்வோம். எல்லாம் அச்சடித்த தாளிலும் இருக்கிறது. ஆனால் மூன்றாவது சைக்கிளுக்கு வந்திருந்த ஒரு பெண் புதிதாக வந்தவரிடம் சொன்னது எங்கள் தாளில் இல்லை: "முடி கொட்டுறதுக்கு முன்னாடி தலைத்தோல் வலிக்கும்மா. ரொம்ப நேரம் இறுக்கிப் பின்னி அவுத்துவிட்ட மாதிரி. அது வந்துச்சுன்னா ரெண்டு மூணு நாள்ல ஆரம்பிச்சிடும். நான் அன்னிக்கே ஒட்ட வெட்டிட்டேன். கொத்துக் கொத்தா தலையணையில பார்க்க வேண்டாமேன்னு."

அதே பெண்தான் ஸ்டீராய்டு பற்றியும் சொன்னார். வாந்தி வராமல் இருக்க அதைக் கொடுக்கிறோம். முதல் இரண்டு இரவு தூக்கம் பிடிக்காது, உடம்பில் ஏதோ தெம்பு வந்த மாதிரி இருக்கும். நிறுத்தியதும் எல்லாம் சரியும். "நாலாவது நாள் சும்மாவே அழுகை வரும். நோய் முத்திடுச்சுன்னு நினைச்சுக்காதே. அது மாத்திரை பண்ற வேலை." புதிதாக வந்தவர் அதைத் தன் போனில் தேதி போட்டுக் குறித்துக்கொண்டார். நாங்கள் கொடுத்த தாளை அப்படி யாரும் குறித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

குணமாகிப் பல வருடம் ஆனவர்கள் வார்டுக்கு வந்து பேசுவது உண்டு. நல்ல விஷயம்தான். 'இவர் உயிரோடு இருக்கிறார், நன்றாக நடக்கிறார்' என்பதைக் கண்ணால் பார்ப்பது சாதாரண ஆறுதல் இல்லை. ஆனால் பத்து வருடம் ஆனவருக்கு அந்த நாலாவது நாள் மறந்துவிடுகிறது. மனம் எல்லாவற்றையும் மழுக்கி, "தைரியமா இருந்தேன், ஜெயிச்சேன்" என்று ஒரு கதையாக்கிக் கொடுத்துவிடுகிறது. அதைக் கேட்கும் புதியவருக்குத் தன்னிடம் அந்தத் தைரியம் இல்லையே என்ற கூடுதல் கவலை வருகிறது. என் அனுபவத்தில் ஒரு பெண்ணுக்கு அதிகம் உதவுபவர் அவரைவிட இரண்டே சைக்கிள் முன்னால் இருப்பவர். அவருக்கு எல்லாம் பச்சையாக நினைவிருக்கும். தானும் இன்னும் பயத்தில்தான் இருக்கிறார் என்பதால் பெரிய வார்த்தைகளும் பேசமாட்டார்.

இதைச் சொல்லும்போது எனக்கு நினைவுக்கு வருபவர் டெரீஸ் லாஸர் என்ற பெண். அவருக்கு 1952-இல் நியூயார்க்கில் மார்பகத்தோடு நெஞ்சுத் தசையையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுக்கும் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். கையை எப்படித் தூக்குவது, உள்ளாடைக்குள் என்ன வைத்துக்கொள்வது என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. தேறியதும் தானே ஆஸ்பத்திரிகளுக்குப் போய், புதிதாக அறுவை சிகிச்சை முடிந்த பெண்களின் கட்டிலருகே உட்கார ஆரம்பித்தார். டாக்டர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. இருந்தும் 'ரீச் டு ரெகவரி' என்று பெயர் பெற்ற அந்த வேலையை 1969-இல் அமெரிக்கப் புற்றுநோய்க் கழகம் தன் திட்டமாக ஏற்றுக்கொண்டது. அவர் பையில் கைப்பயிற்சிக்கு ஒரு பந்தும் கயிறும், தற்காலிகமாக வைத்துக்கொள்ள ஒரு செயற்கை மார்பகமும் இருக்குமாம். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அந்தப் பந்துக்கும் கயிறுக்கும்தான். ஆறுதல் சொல்ல வருகிறவர் கையில் உபயோகமான ஒரு பொருள் இருக்க வேண்டும்.

எங்கள் வார்டில் யாரை எங்கே உட்கார வைப்பது என்பது பெரும்பாலும் செவிலியர் கையில் இருக்கிறது. புதிதாக வருபவரை, அதே மருந்தின் இரண்டாவது மூன்றாவது சைக்கிளில் இருப்பவர் பக்கத்தில் போடுவேன். இருவரிடமும் முதலில் கேட்டுவிடுவேன். வேண்டாம் என்றால் வேண்டாம். அட்டவணை போடுகிறவருக்கு இது தலைவலி, முணுமுணுப்பார். அதற்கு மேல் நான் எதுவும் செய்வதில்லை. "நீங்க இவங்களுக்குத் தைரியம் சொல்லுங்க" என்று யாரிடமும் பொறுப்பை ஒப்படைப்பதும் இல்லை. தன் சிகிச்சைக்கு வந்தவருக்கு இன்னொருவரைத் தேற்றும் வேலையும் எதற்கு?

துணைக்கு வந்தவர்கள் வெளியே போனதும் பேச்சின் குரல் இறங்கும். கீமோவால் முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது சிலருக்கு. உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும், உறவின்போது வறட்சியும் வலியும் இருக்கும். டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டால் தலை குனிந்துகொள்வார்கள். பக்கத்து நாற்காலிக்காரர், "நான் கேட்டேன். அதுக்குன்னு ஜெல் இருக்கு. ஹார்மோன் இல்லாததா எழுதித் தரச் சொல்லு" என்ற பிறகு அடுத்த முறை இவரும் கேட்பார். இன்னொன்று, கணவர் முன்பு தழும்பைக் காட்டுவது. இதில் நாங்கள் படித்த படிப்பு எதற்கும் உதவாது. ஒருவர் விளக்கை அணைத்துவிட்டதாகச் சொன்னார், ஒருவர் முதல் நாளே டிரெஸ்ஸிங் மாற்றும்போது பக்கத்தில் நிற்க வைத்ததாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர் இரண்டுமே செய்யலாம் போலிருக்கிறது என்று தெரிந்துகொண்டார். மகளுக்கும் வருமா என்ற கேள்வி மட்டும் சுற்றிச் சுற்றிப் பேசப்பட்டுக் கடைசியில் எங்களிடம் வரும். மார்பகப் புற்றுநோயில் பரம்பரை மரபணு மாற்றத்தால் வருவது 100-க்கு 5 முதல் 10 வரைதான், தேவைப்பட்டால் மரபணுப் பரிசோதனை உண்டு என்று சொல்வேன்.

இந்தப் பேச்சில் நன்மை மட்டும்தான் என்று சொல்லமாட்டேன். ஒப்பிடுதல் பெரிய தொல்லை. "அவங்களுக்கு ஒரு வருஷம் ஊசி போடுறீங்க, எனக்கு ஏன் இல்லை? என்னைக் கைவிட்டுட்டீங்களா?" என்று ஒருவர் கேட்பார். பக்கத்தில் இருப்பவருடையது ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக இருக்கும் கட்டி, அதற்குத்தான் அந்த ஊசி. ஹார்மோன் ஏற்பி இருக்கும் கட்டிக்கு 5 முதல் 10 வருடம் மாத்திரை. ஹார்மோன் ஏற்பிகள் இரண்டும் ஹெர்-2-வும் ஆக மூன்றும் இல்லாத வகைக்கு இந்த ஊசி, மாத்திரை இரண்டுமே பயன்படாது. ஒரே பெயரில் பல நோய்கள். இதை உட்கார்ந்து விளக்க நேரம் ஒதுக்கினால் ஒப்பிடுவது குறைகிறது. ஒதுக்காவிட்டால் அந்த இடத்தைக் கற்பனை நிரப்பிக்கொள்ளும்.

காய்ச்சல் விஷயத்தில் மட்டும் நான் பேச்சுக்குள்ளேயே புகுந்துவிடுவேன். "எனக்கும் வந்துச்சு, ஒரு மாத்திரை போட்டுப் படுத்தேன், சரியாப் போச்சு" என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துவேன். கீமோ ஏறி ஒன்று இரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது 100.4 டிகிரி தொட்டால் நடுராத்திரியாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும். தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். அனுபவம் எவ்வளவு பெரிதானாலும் அது ஒரு உடம்பின் அனுபவம்தான்.

அப்புறம் மணி. சிகிச்சை முடிந்தவர்கள் மணி அடிக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் 1996-இல் கதிர்வீச்சு முடித்த ஒரு கடற்படை அதிகாரி வைத்த மணியிலிருந்து இது பரவியது. எங்கள் வார்டிலும் ஒன்று இருந்தது. யாராவது அடித்தால் எல்லோரும் கை தட்டுவார்கள். எலும்பில் பரவிவிட்ட நோயோடு வரும் ஒரு பெண்ணும் தட்டுவார். அவருடைய சிகிச்சைக்கு முடிவுத் தேதி கிடையாது. மருந்து வேலை செய்யும் வரை அது, நின்றால் இன்னொன்று. ஒரு நாள் என்னிடம், "சிஸ்டர், எனக்கு அந்தக் கோடி நாற்காலி கிடைக்குமா? அவங்க சந்தோஷத்துக்கு நான் குறுக்கே நிக்கலை. தினம் நடிக்கத்தான் முடியலை" என்றார். 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, கதிர்வீச்சு முடித்து மணி அடித்தவர்களுக்கே பின்னால் அந்தச் சிகிச்சை நாட்களின் வேதனை கூடுதலாக நினைவில் நின்றதாகச் சொன்னது. நான் மணிக்கு எதிரி இல்லை. அதை வார்டுக்குள்ளிருந்து கழற்றி வெளியே போகும் வழியில் மாட்டச் சொன்னோம், அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு அவரைப் போலவே பரவிய நோயோடு வரும் இன்னும் இருவர் சிகிச்சைக்கு வரும் அதே நாளைக் கொடுத்தோம். அந்த மூவர் பேசுவதைக் கேட்டால் மற்ற நாற்காலிகளில் இருப்பவர்கள் திடுக்கிடுவார்கள். பிள்ளைகளுக்கு எழுதி வைக்க வேண்டிய கடிதத்திலிருந்து வங்கிக் கணக்கின் கடவுச்சொல் வரை பேசுவார்கள், நடுநடுவே பெரிய சிரிப்பு.

இப்படிக் கூடிப் பேசினால் ஆயுள் கூடுமா? 1989-இல் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர் கூடும் என்று காட்டினார். நோய் பரவிய 86 பெண்களில், குழுவாகக் கூடிப் பேசியவர்கள் சராசரியில் மற்றவர்களைவிட ஏறக்குறைய இருமடங்கு காலம் வாழ்ந்திருந்தார்கள். உலகமே பரவசப்பட்டது. பிறகு 235 பெண்களை வைத்துக் கனடாவில் நடந்து 2001-இல் வெளிவந்த ஆய்வில் ஆயுள் கூடவில்லை. மனச்சோர்வும் வலியும் குறைந்தன, அதுவும் முதலிலேயே அதிகம் தவித்தவர்களுக்கு. சிலருக்கு இது ஏமாற்றம். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. ஆயுள் கூடும் என்றே வைத்துக்கொண்டால், திரையை இழுத்துக்கொண்டு தனியாக இருக்க விரும்பும் பெண்ணை யாரும் விடமாட்டார்கள். "போய்ப் பேசு, பேசினால்தான் பிழைப்பாய்" என்பார்கள். நோய் திரும்பினால் பேசாததுதான் காரணம் என்று பழியும் விழும். வீட்டிலும் டாக்டரிடமும் போதிய ஆதரவு கிடைக்காதவர்களுக்கே குழுப் பேச்சு நன்மை செய்தது, ஏற்கெனவே நல்ல ஆதரவு உள்ளவர்களுக்குக் கெடுதலாகக்கூட முடிந்தது என்று இன்னோர் ஆய்வும் இருக்கிறது. வார்டில் நான் பார்ப்பதும் அதுதான். வலி குறைந்தால் போதாதா? அதற்கு மேல் எதையும் நாற்காலிப் பேச்சின் தலையில் ஏற்ற வேண்டாம்.

யாராவது இறந்துபோனால் நாங்கள் சொல்லக்கூடாது. நோயாளியின் விவரம் இன்னொருவருக்குப் போகக்கூடாது என்பது விதி. "அந்த அக்கா ஏன் வரலை?" என்று கேட்டால், "நீங்க அவங்களுக்குப் போன் பண்ணிப் பாருங்களேன்" என்பேன். அந்தப் பதிலையும் அவர்கள் சீக்கிரம் படித்துக்கொண்டுவிட்டார்கள்.

இப்போது எனக்கு ஒரு புதுக் கவலை. ஹெர்-2 வகைக்கான டிராஸ்டுஸுமாப் மருந்து முன்பு நரம்பில் முதல் தடவை ஒன்றரை மணி நேரம், பிறகு அரை மணி நேரம் ஏறும். இப்போது தோலுக்கடியில் போடும் ஊசியாகவும் வந்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பல மருந்துகள் வீட்டிலேயே சாப்பிடும் மாத்திரைகளாகி வருகின்றன. நல்லதுதான், குத்திக் குத்திக் கறுத்துப்போன நரம்புகளைத் தேடுகிறவள் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் ஐந்து நிமிடத்தில் யாரும் யாரிடமும் தழும்பைப் பற்றிக் கேட்கமாட்டார்கள்.

மிச்சம் இருப்பது ரத்தப் பரிசோதனை முடிவு வரும் வரை காத்திருக்கும் நேரம். அந்தக் கூடத்தில் நாற்காலிகள் எல்லாம் ஒரே திசையில், டிவியைப் பார்த்தபடி வரிசையாகப் போடப்பட்டிருக்கின்றன. எதிரெதிராகப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். தரை துடைக்க இடைஞ்சல் என்று பதில் வந்தது. அடுத்த மாதக் கூட்டத்தில் மறுபடி கேட்கப்போகிறேன், இந்த முறை அந்தக் கோடி நாற்காலிக்காரரையும் கூட்டிக்கொண்டு. அவரிடம் இடைஞ்சல் என்று சொல்லட்டும், பார்க்கலாம்.