ஆகஸ்ட் 11-க்கு ஒரு சுவரும் ஒரு களமும்: புதுக்கடை பணிக்குறிப்பு

ஜூலை 17

1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டின் நினைவு நாளுக்கு ஊரார் சேர்ந்து வரைய ஒரு சுவர், களியல் என்ற கம்பாட்டத்துக்கு ஒரு களம். சாலையோரச் சுவர், 20 அடி நீளம், 8 அடி உயரம். உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதமும் பேரூராட்சி அனுமதியும் கைக்கு வராமல் கோடுகூட இழுப்பதில்லை. ஊர்வலத்துக்கும் மைக்குக்கும் காவல் நிலையத்தில் தனி மனு.

தேங்காப்பட்டணம் கடல் பக்கம் என்பதால் சுவரில் உப்புப் பூத்திருக்கிறது. எடுத்ததும் தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து உள்ளே போய்த் திரும்பப் பூக்கும். காய்ந்த பிரஷால் தேய்த்து உதிர்த்த பிறகே கழுவ வேண்டும். பாசிக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல்.

இரவில் ஒன்றரை அடிச் சதுர பாலித்தீனை நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டியாயிற்று. காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் பிரைமர் கிடையாது.

ஜூலை 18

வியர்த்திருக்கிறது, கீழ் இரண்டடி மட்டும். சுவரடியில் மண் ஏறி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு சாண் தோண்டித் தாழ்த்தினால் வற்றும். ஆடிச் சாரலில் அவசரப்பட்டுப் பூசிய பெயின்ட் ஆவணியில் தோல் உரியும்.

ஜூலை 22

எதை வரைவது என்று பேச்சு. 1954 ஆகஸ்ட் 11-ஐ விடுதலை நாளாக அறிவித்தது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டுப் போன கூட்டத்தை மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநில ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுப் பிள்ளை அமைச்சரவை. அவரைப் பதவி விலகச் சொன்னவர்களில் அவருடைய பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் தலைவர்களில் ஒருவரான லோகியாவே ஒருவர். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழகத்துக்கு வர 1956 நவம்பர் 1 ஆனது.

இறந்தவர் தொகை நூலுக்கு நூல் மாறுகிறது, எனவே சுவரில் எண் இல்லை. துப்பாக்கியும் இல்லை. அதை வரைந்தால் பார்க்கிறவர் கண் அதிலேயே நிற்கும், நடந்து போனவர்கள் பின்னால் தள்ளப்படுவார்கள். போராட்டத் தலைவர் நேசமணியின் முகம் வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். தலைவர் முகத்தில் கை வைத்தால் கெட்டுப்போகுமோ என்று ஊர்க்காரர் பிரஷையே தொட மாட்டார்கள். ஆகவே ஊர்வலம் மட்டும்: பெரிய பெரிய உருவங்கள், பட்டையான நிறங்கள்.

ஜூலை 30

கீழ்ப்பகுதி காய்ந்து, பிரைமரும் ஆயிற்று. தாளில் ஒரு அங்குலம், சுவரில் ஒரு அடி. சாயம் தோய்த்த நூலைச் சுண்டிக் கட்டம் போட்டால் 160 கட்டம். ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு கோட்டுக்குச் சுமார் 100 சதுர அடி ஓடும். இரண்டு கோட்டுக்கு 3.2, சிந்துவதையும் சேர்த்து 4 லிட்டர். ஐந்து நிறம், நிறத்துக்கு ஒரு எண், அதே எண் சுவரிலும் பென்சிலில்.

பெயின்டை டப்பாவோடு கொடுக்கக் கூடாது. சிரட்டையில் பாதி ஊற்றிக் கொடுத்தால் தட்டிவிட்டாலும் நட்டம் குறைவு.

ஆகஸ்ட் 3

களியல். குத்துவிளக்கைச் சுற்றி ஜோடியாக நின்று, ஆசான் ஜால்ரா தட்டிப் பாட, கம்படித்து ஆடுவது. அன்றைக்கு வந்து நிற்கிற யாரும் சேர வேண்டுமென்றால் அடவைக் குறைத்தே ஆக வேண்டும்.

24 பேர், ஆளுக்கு நாலடி. நடுவில் முளையடித்து 15 அடிக் கயிற்றைச் சுற்றிக் கோலப்பொடி தூவினால் வட்டம் சரியாக வரும். கம்பு ஒரு முழம், நன்றாகக் காய்ந்த மரம். பச்சைக் கம்பில் சத்தம் எழும்பாது. கமுகு வாரி மலிவுதான், ஆனால் சிலாம்பு கையில் ஏறும்.

எட்டுத் தட்டு. முதல் இரண்டு தன் கம்பில், அடுத்த இரண்டு எதிராளியின் கம்பில், ஐந்தும் ஆறும் வலப்பக்கத்தவரோடு, ஏழில் திரும்புவது. எட்டாவது தட்டு சுடப்பட்டவர்களுக்கு, அதை அடிப்பதில்லை.

சொல்ல எளிது. புதியவர் கை சும்மா இருக்காது. அடிக்காதே என்றால் பாதிப் பேர் அடித்துவிடுகிறார்கள், மீதிப் பேர் பதறி ஏழாவதையும் விட்டுவிடுகிறார்கள். கைக்கு வேறு வேலை கொடுத்ததும் சரியானது: எட்டில் குனிந்து கம்பு நுனியால் தரையைத் தொடுவது. முட்டு வலிக்காரர் தன் தொடையைத் தொட்டால் போதும். கம்பு நெஞ்சு உயரத்துக்கு மேல் போனால் ஆசான் நிறுத்திவிட வேண்டும். மோதல் பெரும்பாலும் ஏழில் இடப்பக்கம் திரும்புகிறவரால்தான். வலது மணிக்கட்டில் ஒரு துண்டு நூல் கட்டினால் குழப்பம் தீரும். மூன்றாம் காலம், அதாவது மிக விரைவான தாளம், பழகியவர்களுக்கு மட்டும்.

ஆகஸ்ட் 11

காலை எட்டுக்குப் பெயின்ட். மேலே தார்ப்பாய் இரண்டடி வெளியே நீட்டிக் கட்டியிருக்கிறது, எமல்ஷன் நாலு மணி நேரமாவது நனையக் கூடாது. பிள்ளைகளுக்குக் கீழ் வரிசை, பெரியவர்களுக்கு நடு வரிசை, ஏணியில் பழகிய கைகள் மட்டும். ஓரக்கோடுகள் கடைசியில், ஒரே ஆள்.

பத்து மணிக்குச் சாரல். களத்தில் ஆற்றுமணல் தூவியாயிற்று, மரத்தூள் நனைந்தால் வழுக்கும். மாலையில் களியல் இரண்டு காலத்தோடு நின்றது. ஈரத் தரையில் அதற்கு மேல் கூடாது.

ஆகஸ்ட் 15

இரண்டு நாள் வெயிலுக்குப் பின் கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு. கல்யாண போஸ்டரும் கட்சி போஸ்டரும் வரத்தான் செய்யும். கோட் இருந்தால் மைதாப் பசை வெந்நீரில் ஊறிக் கழன்றுவிடும். கரண்டியால் சுரண்டக் கூடாது.