டிரிங்கோமலிக்குக் கயிறு கட்டுதல்: 1:64 மாதிரியில் எது முன், எது பின்

எச்.எம்.எஸ். டிரிங்கோமலி பம்பாயில் பிறந்த தேக்குக் கப்பல், பிரிட்டிஷ் கடற்படையின் போர்க்கப்பல். 1782-இல் திருகோணமலைக்கு அருகே நடந்த கடற்போரின் நினைவாகப் பெயர் பெற்றது. வாடியா குடும்பத்தின் ஜம்செட்ஜி பொமன்ஜி பொறுப்பில் 1816-இல் ஏரா (அடித்தண்டு) வைத்து, 1817 அக்டோபரில் நீரில் இறக்கினார்கள். இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மூன்று பாய்மரங்களோடு மிதந்துகொண்டிருக்கிறது. அதே லீடா வகுப்பை (ஒரே வடிவில் கட்டிய கப்பல் வரிசை) சேர்ந்த யூனிகார்ன், 1824-இல் இறக்கப்பட்டது, ஸ்காட்லாந்தின் டண்டீயில் இருக்கிறது. ஆனால் அதற்குப் பாய்மரம் ஏற்றாமலே மேலே கூரை போட்டுவிட்டார்கள். ஆக, இந்த வகைக் கப்பலின் கயிறுகளை நேரில் பார்க்க வேண்டுமென்றால் டிரிங்கோமலிதான்.

மாதிரி செய்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த ஆண்டுக் கப்பலைச் செய்கிறோம் என்பதை. 1819-இல் போர்ட்ஸ்மத் வந்து சேர்ந்த டிரிங்கோமலியை அப்படியே ஒதுக்கி நிறுத்திவிட்டார்கள். 1840-களில் பீரங்கிகளைக் குறைத்து, சதுரப் பின்புறத்தை எடுத்து வளைவான பின்புறம் வைத்து, 1847-இல்தான் பணிக்கு அனுப்பினார்கள். 1817 வடிவ உடலை வைத்துக்கொண்டு இன்றைய ஹார்ட்டில்பூல் படங்களைப் பார்த்துக் கயிறு கட்டினால் இரண்டு காலங்கள் ஒரே மாதிரியில் கலந்துவிடும். இந்த இடைவெளியில் சணல் கயிறு இருந்த பல இடங்களுக்கு இரும்புச் சங்கிலி வந்துவிட்டது. ஆண்டை ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது.

பீரங்கித் தளத்தின் நீளம் 150 அடி. 1:64-இல், அதாவது நிஜத்தில் 64-இல் ஒரு பங்காகச் செய்தால், அது சுமார் 71 செ.மீ. அணியத்தில் (முன்முனையில்) நீளும் மரத்தையும் சேர்த்தால் ஒரு மீட்டர் அளவுக்கு இடம் வேண்டும். பெருமரத்தின் கீழ்ப் பருமல், அதாவது பாயைத் தாங்கும் குறுக்குக் கழி, ஏறக்குறைய 40 செ.மீ. அகலம் பிடிக்கும். கண்ணாடிப் பெட்டியின் அளவை இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

இனிக் கயிறு. அக்காலத்தில் கயிற்றை அதன் சுற்றளவால் சொன்னார்கள், குறுக்களவால் அல்ல. '8 அங்குலக் கயிறு' என்று அட்டவணையில் இருந்தால் அதன் குறுக்களவு இரண்டரை அங்குலம்தான். இது தெரியாமல் 8 அங்குலத்தை நேரடியாக 64-ஆல் வகுத்தால் மூன்று மி.மீ. தடிமனில் கயிறு வந்து, மாதிரியே கயிற்றுக் குவியலாகத் தெரியும். 1:64-க்குச் சுருக்கமான கணக்கு: சுற்றளவு அங்குலத்தை 0.126-ஆல் பெருக்கினால் மி.மீ.-இல் குறுக்களவு. 8 அங்குல ஷ்ரவுட் (மரத்தைப் பக்கவாட்டில் பிடிக்கும் கயிறு) 1 மி.மீ. ஒன்றரை அங்குல ராட்லைன் (ஷ்ரவுட்களின் குறுக்கே ஏணிப்படியாகக் கட்டும் கயிறு) 0.19 மி.மீ. மரத்தை முன்பக்கமாக இழுத்துப் பிடிக்கும் பெரிய ஸ்டே கயிற்றுக்குத் தோராய விதி ஒன்று உண்டு: மரத்தின் குறுக்களவில் பாதி, கயிற்றின் சுற்றளவு. மரம் 28 அங்குலம் என்றால் கயிறு 14 அங்குலம், மாதிரியில் 1.77 மி.மீ. கடையில் வாங்கும் மாதிரிப் பெட்டியோடு (கிட்) வரும் மூன்று நான்கு உருளை நூலில் இந்த வரிசை கிடைக்காது. குறைந்தது எட்டு அளவுகளாவது இருந்தால்தான், பார்ப்பவரின் கண் தடித்த கயிற்றிலிருந்து மெல்லியதற்கு இயல்பாக நகரும்.

நூல் உண்மையில் எவ்வளவு தடிமன் என்று அறிய, ஒரு கழியில் இடைவெளியின்றிப் பத்துச் சுற்று சுற்றி, அந்த அகலத்தைப் பத்தால் வகுக்க வேண்டும். உருளைமேல் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம்.

பாலியெஸ்டர் தையல் நூலே என் முதல் தேர்வு. பருத்தியும் லினனும் ஈரத்தைக் குடிக்கும். முறுக்கிய கயிறு ஈரத்தில் பருத்து நீளத்தில் சுருங்கும், காய்ந்ததும் தொய்யும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்துக்கும் கோடைக்கும் இடையே இது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நடக்கும். நைலான் இழுத்தால் நீளும், பிறகு மெல்லத் திரும்பும், ஆகவே ஆகாது. பாலியெஸ்டரின் குறை, முடிச்சு வழுக்குவது. அதற்கு மருந்து பின்னால் வருகிறது.

கயிற்றை நாமே முறுக்கினால் கிடைக்கும் அழகை எந்தக் கடை நூலும் தராது. ஆனால் முறுக்கின் திசையில் பலர் ஏமாறுகிறார்கள். கப்பலின் பெரும்பாலான கயிறுகள் வலமுறுக்கு: நிமிர்த்திப் பிடித்தால் இழைகள் கீழ் இடமிருந்து மேல் வலமாக ஏறும். தையல் நூலும் பெரும்பாலும் அதே திசையில்தான் முறுக்கப்பட்டிருக்கும். வலமுறுக்கு நூல் மூன்றை எடுத்துச் சேர்த்து முறுக்கினால் இயல்பாக வருவது இடமுறுக்குக் கயிறு. நங்கூரக் கயிற்றுக்கு அது சரி. உண்மையான நங்கூர வடமும் அப்படித்தான் செய்தார்கள். மற்றவற்றுக்கு ஒரு படி கூடுதலாக வேண்டும். மெல்லிய நூல் இரண்டு அல்லது மூன்றை முதலில் இடமாக முறுக்கிப் புரியாக்குங்கள். அப்படி மூன்று புரிகளை வலமாக முறுக்குங்கள். வலுக்கட்டாயமாக நூலின் சொந்த முறுக்கைப் பிரித்து ஒரே படியில் செய்தால் கயிறு பஞ்சாகி, வெட்டிய முனை உடனே பிரிந்துவிடும்.

மூன்று புரிக் கயிறு ஒரு புரியின் இரு மடங்குக்குச் சற்று மேலான தடிமனில் வரும். நீளம் கணிசமாகக் குறையும்: 1 மீட்டர் வேண்டுமென்றால் 1.4 மீட்டர் நூலில் தொடங்குங்கள். முறுக்கும்போது ஒரு முனை நகரும் வண்டியில் இருக்க வேண்டும், அதைப் பின்னுக்கு இழுக்கும் எடை எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும். எடை குறைந்தால் கயிறு சுருள்கிறது. கூடினால் முறுக்கு நீண்டு தளர்கிறது. முடிந்த கயிற்றை எடை தொங்கவிட்டு, ஹேர் டிரையரின் சூடான காற்றை ஓடவிட்டு, ஓர் இரவு அப்படியே விட்டால் நிலைத்துவிடும்.

நிறத்தில் ஒரு விதி போதும். மரங்களை நிலையாகப் பிடித்திருக்கும் கயிறுகளுக்குத் தார் பூசுவார்கள், அவை அடர் பழுப்பு. பாயையும் பருமலையும் இயக்கும் கயிறுகள் வெளிர் பழுப்பு. தூய கறுப்பு நூல் அந்தச் சிறிய அளவில் கோடு வரைந்ததுபோலத் தட்டையாகத் தெரியும், முறுக்கு மறைந்துபோகும்.

ஒரு கயிற்றைக்கூடக் கட்டும் முன் உடலில் இரண்டு இடங்களைச் சோதிக்க வேண்டும். முதலாவது, கப்பலின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சேனல் பலகை. ஷ்ரவுட்களின் மொத்த இழுப்பும் இங்கேதான் வருகிறது. பசையால் மட்டும் ஒட்டியிருந்தால் ஐந்தாவது ஷ்ரவுட்டை இறுக்கும்போது பெயர்ந்து வரும். 1 மி.மீ. பித்தளைக் கம்பியை 20 மி.மீ. இடைவெளியில் பலகைக்குள் செருகி உடலுக்குள் 8 மி.மீ. இறக்குங்கள். இரண்டாவது, சேனலுக்குக் கீழே, டெட்-ஐகளை (ஷ்ரவுட்டின் கீழ்முனை மரவட்டுகள்) உடலோடு பிணைக்கும் சங்கிலிப் பட்டைகளின் சாய்வு. ஒவ்வொன்றும் தன் ஷ்ரவுட்டின் நேர்கோட்டில் இருக்க வேண்டும். மரத்தை வைத்து, உச்சியிலிருந்து ஒரு நூலை டெட்-ஐ இருக்கும் இடம் வழியாக இழுத்தால் ஆணியடிக்க வேண்டிய புள்ளி தெரிந்துவிடும். எல்லாப் பட்டைகளையும் செங்குத்தாக அடித்துவிட்டால் பிறகு திருத்த வழியில்லை.

மரங்களை ஒட்டவே வேண்டாம். அடியில் சுழலாமலிருக்க ஒரு சிறு கம்பி போதும். சாய்வைக் கயிறுகள் முடிவு செய்யட்டும். ஆனால் மரம் தனியாகக் கையில் இருக்கும்போதே அதில் தொங்க வேண்டிய கப்பிகள் அனைத்தையும் கட்டிவிடுங்கள். ஏற்றிய பிறகு கீழ்மர உச்சியிலுள்ள டாப் மேடைக்கு அடியில் ஒரு கப்பி கட்டுவது மிகவும் சிரமம்.

இப்போது வரிசை. கப்பலின் கயிறுகள் கயிற்றுக் கட்டில் போல: ஒன்றை இழுத்தால் வேறொன்று தளரும். பெருமரத்தின் மேல்மரத்து ஸ்டே முன்மரத்தின் தலைக்குப் போகிறது. அதை அதிகம் இறுக்கினால் முன்மரம் பின்னுக்குச் சாய்கிறது. ஷ்ரவுட்கள் மரத்துக்குப் பின்புறமாக இறங்குவதால் முன்மரத்தின் ஷ்ரவுட்கள் உடனே தொய்கின்றன. முன்மரத்தின் ஸ்டேக்களோ அணியத்தில் நீளும் மரமான பௌஸ்பிரிட்டைப் பிடித்திருக்கின்றன. பௌஸ்பிரிட் மேலே வளைந்தால் எல்லாமே தளரும். ஆகவே வேலை அணியத்திலிருந்து தொடங்குகிறது. பௌஸ்பிரிட்டை முன்தண்டோடு கட்டும் காமனிங் முதலில். அதன் ஒவ்வொரு சுற்றும் நடுவில் குறுக்கிடும்: மேலே முன்னால் இருக்கும் சுற்று, கீழே துளையில் பின்னால் இருக்கும். அடுத்து, பௌஸ்பிரிட்டைக் கீழ்நோக்கி இழுக்கும் பாப்ஸ்டே. அதன் பிறகுதான் முன்மரம்.

மரத்தின் தலையில் கயிறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும் வரிசையும் மாறக்கூடாது. முதலில் பளு தூக்கும் கயிறுகளின் பெண்டன்ட்கள் (தொங்கும் குறுங்கயிறுகள்), அவற்றின்மேல் ஷ்ரவுட்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஸ்டே. ஷ்ரவுட்களை இரட்டையாகப் போடுவார்கள்: ஒரே கயிறு மரத்தைச் சுற்றி வந்து இரண்டு கால்களாக இறங்கும். வலப்பக்கத்தின் முன் இரட்டை, பிறகு இடப்பக்கத்தின் முன் இரட்டை, மறுபடி வலம். ஒரு பக்கம் முழுவதையும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் மரம் சாய்ந்து நின்றுவிடும், கட்டுகளும் ஒரு பக்கம் உயரமாக ஏறும். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் ஷ்ரவுட்டுக்கு முழு நீளமும் மெல்லிய நூல் சுற்ற வேண்டும், ஏனென்றால் பாய் உரசுவது அதில்தான். மற்றவற்றுக்கு மேல்பகுதியில் மட்டும் போதும்.

கீழ்முனையில் டெட்-ஐ. மூன்று துளை மரவட்டு, 1:64-இல் பெரியவை 5 மி.மீ. மேலும் கீழும் உள்ள வட்டுகளுக்கு இடையே தூரம் எல்லா ஷ்ரவுட்களிலும் ஒன்றாக வர, கம்பியை 'ப' வடிவில் வளைத்து இரண்டு முனைகளையும் துளைகளில் செருகி, அதன்மேல் ஷ்ரவுட்டைத் திருப்பிக் கட்டுங்கள். கண்ணால் பார்த்துச் செய்தால் வரிசை அலையாக வரும். எட்டடி தூரத்தில் நிற்பவரும் கவனிக்கும் பிழை இது. இரண்டு வட்டுகளையும் பிணைத்து இறுக்கும் கயிறான லேன்யார்டின் நுனி முடிச்சு மேல்வட்டின் உட்புறம். இன்னொன்று: கயிற்றின் முறுக்கு இரண்டு பக்கத்திலும் ஒரே திசை என்பதால், டெட்-ஐயைச் சுற்றி வரும் குறுமுனை வெளியிலிருந்து பார்க்கும்போது எப்போதும் ஒரே கைப்பக்கம் இருக்கும். வலப்பக்கத்தில் அது அணியத்தை நோக்கினால், இடப்பக்கத்தில் பின்புறத்தை நோக்கும். கண்ணாடிப் பிம்பமாகச் செய்வது தவறு.

லேன்யார்டுகளை ஒரேயடியாக இறுக்கி முடிக்காதீர்கள். எல்லா ஷ்ரவுட்களும் ஸ்டேக்களும் ஏறும்வரை ஒரு தற்காலிகச் சுருக்கில் விட்டுவைத்து, மூன்று மரங்களும் நேராக நிற்பதை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்த பிறகு நிரந்தரமாகக் கட்டுங்கள். ஸ்டே நிமிர்ந்து நின்றால் போதும். விரலால் தட்டினால் ஒலிக்கிற அளவு இறுக்கம், 2 மி.மீ. தடிமனே உள்ள மேல்மரங்களை வில்லாக வளைத்துவிடும்.

ராட்லைன்கள் பொறுமையின் வேலை. நிஜத்தில் 13 அங்குல இடைவெளி என்றால் மாதிரியில் 5.2 மி.மீ. வெள்ளை அட்டையில் கோடு போட்டு ஷ்ரவுட்களுக்குப் பின்னால் வையுங்கள். கோடுகள் தண்ணீர் மட்டத்துக்கு இணையாக இருக்கட்டும். ஒவ்வொரு ஷ்ரவுட்டிலும் குளோவ் ஹிட்ச் முடிச்சு. இங்கே நடக்கும் பெரிய தவறு, ராட்லைனை இழுத்துக் கட்டுவது. ஒவ்வொன்றும் அரை மி.மீ. உள்ளே இழுத்தாலும் முப்பதாவது வரிசையில் வெளி ஷ்ரவுட்கள் உடுக்கை போல நடுவில் ஒடுங்கியிருக்கும். நடுவிலிருந்து வெளிப்புறமாக முடிச்சிடுங்கள். வெளி ஷ்ரவுட்கள் இரண்டுக்கும் குறுக்கே ஒரு மெல்லிய குச்சியைக் கட்டி வேலை முடியும்வரை வைத்திருங்கள். நூல் சற்றே தொங்கட்டும்.

முடிச்சு வழுக்குவதற்கு நீர் கலந்த பி.வி.ஏ. பசை, ஒரு துளி. சூப்பர் க்ளூ வேண்டாம்: வெள்ளைப் பூச்சு படியும், பளபளக்கும், அந்த இடத்தில் கயிறு முறியும், தப்பைப் பிரிக்கவும் முடியாது. பி.வி.ஏ. ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் இளகும். நூலுக்கு மெழுகு தேய்த்திருந்தால் பசை பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பருமல்களைப் பற்றிச் சுருக்கமாக. நடுவிலிருந்து முனைவரை ஒரே சீராகக் கூம்பக் கூடாது. பாதி நீளத்தை நான்காகப் பிரித்தால் தடிமன், நடுத் தடிமனில் முறையே 30/31, 7/8, 7/10, முனையில் 3/7. அதாவது நடுப்பகுதி நெடுந்தூரம் தடித்தே இருந்து கடைசியில் வேகமாக மெலிகிறது. பாய் இல்லாமல் செய்யும் மாதிரியில் மேல்பருமல்கள் கீழே இறங்கி, கீழ்மரத் தொப்பிக்கு (மேல்மரத்தைக் கீழ்மரத்தோடு பிணைக்கும் கட்டை) சற்று மேலே நிற்க வேண்டும். பருமல் முனைகளை மேலிருந்து தாங்கும் லிஃப்ட் கயிறுகள் விறைப்பாக இருக்கும். வெறும் பருமலை உச்சியில் ஏற்றி வைப்பது எத்தனையோ நல்ல மாதிரிகளில் காணும் பிழை. பருமலைத் திருப்பும் பிரேஸ் கயிறுகளை எல்லாவற்றுக்கும் கடைசியில் கட்டுங்கள், அவை இருந்தால் கை உள்ளே போகாது.

பின்களில் (கயிற்று முனை கட்டும் முளைகளில்) கயிறு கட்டும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வாருங்கள். சுருளைக் கப்பலில் சுற்ற முயல வேண்டாம். மரத்துண்டில் ஊசிகள் அடித்து வலச்சுற்றாகச் சுற்றி, நீர்ப் பசை தடவி, பாதி காய்ந்ததும் எடுத்துப் பின்னில் மாட்டி, கீழ்ப்பகுதியைக் கிடுக்கியால் அழுத்தித் தொங்கவிட்டால் தன் எடையில் தொங்குவது போலிருக்கும்.

கண்ணாடிப் பெட்டியை முழுக்க மூடிவிடாதீர்கள். மரமும் பசையும் வார்னிஷும் மெல்ல அமில ஆவி விடுகின்றன. பீரங்கியோ நங்கூரமோ ஈய வார்ப்பாக இருந்தால் அது வெள்ளைப் பொடியாக உதிரும். அடிப்பலகையில் எதிரெதிர் மூலைகளில் 10 மி.மீ. துளை இரண்டு போட்டு, தூசி புகாமல் மெல்லிய வலைத்துணி ஒட்டிவிடுங்கள்.