ஃபுவாமுலா தீவில் ஆசிரியப் பணி: ஊரோடு பழகிய ஓராண்டு

மாலத்தீவுகளில் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது விளம்பரத்தில் நாட்டின் பெயர்தான் இருக்கும். நியமன ஆணை ஏதோ ஒரு தீவுப் பள்ளிக்கு வரும். எனக்கு வந்தது ஃபுவாமுலா. நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, ஹுவாது, அட்டு என்னும் பவளத்தீவுக் கூட்டங்களுக்கு இடையில், சுற்றிலும் வேறு நிலமே தென்படாத ஒற்றைத் தீவு அது. நீளம் சுமார் நாலரை கிலோமீட்டர். திருநெல்வேலியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்த நான் அங்கே வேலையிலும் ஊரிலும் நிலைகொண்ட விதத்தை, அதே வழியில் புறப்படவிருக்கும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன். இவ்வளவு சிறிய ஊரில் பள்ளியையும் தெருவையும் பிரிக்க முடியாது என்பதையும், தெருவில் நம்மை அறிந்துகொண்ட பிறகே பிள்ளைகள் வகுப்பில் வாய் திறக்கிறார்கள் என்பதையும் நான் அங்கேதான் கண்டேன்.

முதலில் காகித வேலை. பட்டச் சான்றிதழுக்கும் பி.எட். சான்றிதழுக்கும் சான்றொப்பம் பெற வேண்டும். பாஸ்போர்ட் அலுவலகத்தின் மூலம் காவல் துறைச் சான்று வாங்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டங்களை மாலத்தீவுகளின் தகுதிகள் ஆணையம் சரிபார்க்கும். இவற்றையெல்லாம் பொறுமையாகச் செய்துவிடலாம். கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இந்தியர்கள் முன்கூட்டி விசா எடுக்காமலே அந்நாட்டுக்குள் நுழையலாம் என்பதால், "முதலில் போய் இறங்குங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். சுற்றுலாப் பயணியாக நுழைவது வேறு, வேலை செய்ய அனுமதி பெறுவது வேறு. பணி அனுமதிக்கான ஒப்புதல் கைக்கு வந்த பிறகுதான் பயணச்சீட்டு எடுக்க வேண்டும். அதன் நகலைக் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்னும் இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். வழிபாட்டுக்கான சிலைகள், பன்றியிறைச்சி, மது ஆகியவற்றைக் கொண்டுசெல்லச் சுங்கத்தில் தடை உண்டு. ஆகவே பூஜை அலமாரியில் இருப்பவற்றை ஊரிலேயே விட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். இறங்கிய பின் இரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுக்கிறார்கள். அவை முடிந்த பிறகே பணி அனுமதி முழுமை பெறுகிறது.

திருவனந்தபுரத்திலிருந்து தலைநகர் மாலே செல்ல இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் தெற்கு நோக்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் கடலையே பார்த்துக்கொண்டு போக வேண்டும். ஃபுவாமுலாவுக்கு விமான நிலையம் வந்தது 2011-இல்தான். அதற்கு முன்பு இந்தக் கரைக்குப் படகில் வந்து சேர்வது எவ்வளவு கடினமாக இருந்தது என்று முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். அலைகளைத் தடுத்து நிறுத்தும் காயல் இந்தத் தீவைச் சுற்றி இல்லை. பெருங்கடல் நேராகக் கரையில் வந்து மோதுகிறது.

பள்ளி காலை ஏழு மணியளவில் தொடங்குகிறது. ஞாயிறு முதல் வியாழன் வரை வேலை நாள்; வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மணியடித்து வகுப்புக்குப் போவதற்கு உடம்பு பழகச் சில வாரங்கள் ஆகின்றன. அந்நாட்டின் திவேஹி மொழி, இஸ்லாம், குர்ஆன் ஆகியவை நீங்கலாக மற்றப் பாடங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. எனக்கு முந்தைய பாடவேளையில் திவேஹி நடந்திருந்தால் பலகை முழுவதும் வலமிருந்து இடமாக எழுதிய தானா எழுத்துகள் நிறைந்திருக்கும். பிள்ளைகள் வலப்பக்கம் திருப்பும் நோட்டை மூடிவைத்துவிட்டு, இடப்பக்கம் திருப்பும் கணித நோட்டை எடுப்பார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் லீடிங் டீச்சர் என்று ஒருவர் இருக்கிறார். பாடத் திட்டத்தை முன்கூட்டியே அவரிடம் காட்ட வேண்டும். அவர் அவ்வப்போது வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து பார்ப்பார், பிறகு தனியாக அழைத்துப் பேசுவார். நம் ஊரில் ஆய்வாளர் வருகிறார் என்றால் பள்ளியே பரபரக்கும்; அங்கே இது சாதாரண நடைமுறை. அந்த உரையாடல்களால் நான் மிகவும் பயனடைந்தேன்.

பத்தாம் வகுப்பு முடிவில் பிள்ளைகள் எழுதுவது கேம்பிரிட்ஜ் முதலிய பிரித்தானியத் தேர்வு அமைப்புகளின் ஓ லெவல் தேர்வு. தமிழ்நாட்டில் புத்தகத்தின் பயிற்சிக் கணக்குகளை மனத்தில் பதியும்வரை போடவைத்துப் பழகிய எனக்கு, அந்த வினாத்தாள்களைப் படிப்பதே தனிப் பயிற்சியாக இருந்தது. விடை தவறினாலும் வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு. ஆகவே எங்கே எந்த வரிக்கு மதிப்பெண் விழுகிறது என்பதை ஆசிரியர் நன்கு அறிந்திருக்க வேண்டும். பழைய வினாத்தாள்களையும் அவற்றின் மதிப்பெண் திட்டத்தையும் அருகருகே வைத்துக்கொண்டு, மாணவர்கள் எழுதுவதைப் போலவே ஒவ்வொரு கேள்விக்கும் முழு விடை எழுதிப் பார்த்தேன். புதிதாகச் செல்பவர்கள் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இதைத் தொடங்கிவிட்டால் முதல் பருவம் இலகுவாகும்.

உண்மையான சிரமம் பாடத்தில் இல்லை, அமைதியில் இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் கேள்வி கேட்டால் யாரும் பதில் சொல்லமாட்டார்கள். பலகைக்கு அழைத்தால் தலைகுனிந்து நிற்பார்கள். அவர்கள் பேசும் ஆங்கிலம் நன்றாகவே இருக்கும். வாக்கியக் கணக்கு என்று வந்ததும் பேனா நின்றுவிடும். ஓராண்டில், ஈராண்டில் கிளம்பிப் போகும் வெளிநாட்டு ஆசிரியர்களைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். இன்னொருவர் வந்திருக்கிறார், இவரும் போய்விடுவார் என்று எண்ணுவதில் தவறு சொல்ல முடியாது.

அந்த அமைதி கலைந்தது பள்ளிக்கு வெளியேதான். நான் தங்கியிருந்தது ஒரு குடும்பத்தின் மாடி அறையில். மாலையில் வீட்டு வாசலிலும் தெரு முனையிலும் ஜோலி எனப்படும் இருக்கைகளில், இரும்புச் சட்டத்தில் கட்டிய கயிற்று வலைக்குள் சாய்ந்தபடி, அக்கம்பக்கத்துப் பெண்கள் அமர்ந்து பேசுவார்கள். வீட்டுக்கார அம்மா என்னையும் அழைத்து உட்காரவைத்தார். எனக்குத் தெரிந்த நாலைந்து திவேஹிச் சொற்களை நான் சொல்ல, அவர் அதையே ஃபுவாமுலாவின் வட்டார வழக்கில் திருப்பிச் சொல்லித் தருவார். அது மாலேயில் பேசும் திவேஹியிலிருந்து வெகுவாக வேறுபட்டது. சைக்கிளில் கடந்து போகும் என் மாணவர்கள் முதலில் வியப்போடு பார்த்தார்கள். பிறகு நின்று, "மிஸ், இதைச் சொல்லுங்கள்" என்று கேட்கத் தொடங்கினார்கள். எனக்குத் தெரியாததை அவர்கள் கற்பிக்கும் நிலை வந்ததும் வகுப்பின் காற்றே மாறிவிட்டது.

அதன்பின் விகிதப் பாடத்தை மீன்பிடிப் பங்கீட்டிலிருந்து தொடங்கினேன். சூரை பிடிக்கும் தோணியில் போகும் ஒருவரின் மகன் எழுந்து, எரிபொருள் செலவைக் கழித்த பிறகுதான் பங்கு பிரிப்பார்கள் என்றும், படகுக்குத் தனிப் பங்கு உண்டு என்றும் விளக்கினான். இன்னொருவன் குறுக்கிட்டு, தன் மாமாவின் படகில் வேறு கணக்கு என்றான். இருவரையும் பலகைக்கு அழைத்தேன். இருவரும் போட்டி போட்டுக்கொண்டு எழுதினார்கள். வாக்கியக் கணக்கை நான் எடுத்துத் தர வேண்டிய தேவையே இருக்கவில்லை, அவர்களே உருவாக்கிவிட்டார்கள். அன்றைய வாக்குவாதத்தில் வந்த எண்களைத்தான் அடுத்த வாரத் தேர்விலும் வைத்தேன்.

பெற்றோருடனான தொடர்பு வைபர் என்னும் குறுஞ்செய்திச் செயலி வழியாகவே நடக்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு குழு உண்டு. இரவு பத்து மணிக்கும் வீட்டுப்பாடம் பற்றிக் கேள்வி வரும். அதைத் தொல்லையாக எடுத்துக்கொள்ளும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். எந்த நேரம் வரை பதில் தருவேன் என்பதை நான் தொடக்கத்திலேயே பணிவாக எழுதிவைத்தேன். அதை எல்லோரும் மதித்தார்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, மீன் உண்பவர்களுக்குக் குறையே இல்லை. துருவிய தேங்காய், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை சேர்த்து உதிர்த்த சூரையைப் பிசைந்து ரொஷி என்னும் ரொட்டியோடு காலையில் உண்கிறார்கள். மாஸ் ஹுனி என்று அதற்குப் பெயர். தூத்துக்குடி, காயல்பட்டினம் பக்கத்தார்க்கு மாசிக்கருவாடு எந்தக் கடலிலிருந்து வந்தது என்பது அங்கே விளங்கிவிடும். காய்கறி மட்டுமே உண்பவர்கள் திட்டமிட்டு வாழ வேண்டும். காய்கறி மாலேயிலிருந்து சரக்குப் படகில் வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் படகு தாமதமாகும், கடையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் மட்டுமே மிஞ்சும். ஆனால் ஃபுவாமுலா மற்றத் தீவுகளைப் போன்றதன்று. இரண்டு நன்னீர் ஏரிகளும் வளமான மண்ணும் இருப்பதால் சேப்பங்கிழங்கு, வாழை, மாம்பழம் எல்லாம் அங்கேயே விளைகின்றன. தொழுகை நேரத்தில் கடைகளைச் சிறிது நேரம் அடைத்துவிடுவார்கள். ரமலான் பகலில் பொது இடத்தில் உண்ணவோ பருகவோ கூடாது. பெருநாள் அன்று அழைப்பு வந்த வீடுகளுக்கெல்லாம் போய்வர வேண்டும். போகாமல் இருந்தால் அவர்கள் மனம் வருந்தும்.

உடம்புக்கு முடியாமல் போனபோது தீவு மருத்துவமனையில் கேரளத்துச் சேச்சி ஒருவர்தான் செவிலியாக இருந்து கவனித்துக்கொண்டார். அவர் மூலமாகத்தான் ஊரிலுள்ள மற்ற இந்தியர்களின் அறிமுகம் கிடைத்தது. அந்த வட்டம் ஆறுதல் தரும். ஆயினும் மாலைகள் முழுவதையும் அதற்குள்ளேயே கழித்தால் திவேஹியும் வராது, தெருவும் பழகாது.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலர் ஊர் திரும்புவதற்கு அதுவே காரணம். சம்பளம் அந்நாட்டு நாணயமான ருஃபியாவில் வருகிறது. அதிகாரபூர்வ விகிதப்படி ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா, ஆனால் அந்த விகிதத்தில் டாலர் கிடைப்பது அரிது. வங்கி வழியாக மாதந்தோறும் அனுப்பக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு இருக்கிறது. அது சம்பளத்தைவிட மிகக் குறைவு. வெளிச்சந்தையில் டாலர் வாங்கினால் சம்பளத்தின் ஒரு பகுதி அந்த வித்தியாசத்திலேயே கரைந்துவிடும். ஊரில் கடன் தவணை கட்ட வேண்டியவர்கள், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகையைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. மாதம் எவ்வளவு ஊருக்கு அனுப்ப முடியும் என்று அப்போது அங்கே பணியில் இருப்பவரிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டும். தங்குமிடம் பள்ளி தருமா, படியாகத் தருமா, விடுமுறைப் பயணச்சீட்டு யார் பொறுப்பு, மருத்துவக் காப்பீடு உண்டா என்பவற்றையும் கையெழுத்திடும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

என் கணக்கில் சேமிப்பு நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான். ஆயினும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தேன். அப்போது பள்ளி முதல்வரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவர்களை ஓ லெவல் தேர்வு முடியும்வரை எனக்கே தர வேண்டும். லீடிங் டீச்சரும் அதற்குப் பரிந்து பேசினார். புதிய கால அட்டவணையில் பத்தாம் வகுப்பின் கணிதப் பாடவேளைகள் எல்லாம் என் பெயரிலேயே வந்திருக்கின்றன. மாலை நேரத் தேர்வுப் பயிற்சியை எந்தக் கிழமைகளில் வைப்பது என்று அந்தப் பிள்ளைகளோடு பேசி முடிவு செய்துகொண்டிருக்கிறோம்.