நத்தையும் எலியும்

மழை விட்டாப் போதும், எங்க வேலூர்ல கால்வாயோரச் சுவரெல்லாம் நத்தை. பசங்க பிடிச்சு ரேஸ் விடுறாங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கு, ஆனா சோப்பு போட்டுக் கை கழுவ வைங்கம்மா.

எலி நுரையீரல் புழுன்னு ஒண்ணு இருக்கு. எலியோட நுரையீரல் ரத்தக்குழாய்லதான் குடித்தனம். குஞ்சுப் புழு எலிப் புழுக்கையில வெளியே வரும். அதைத் தின்ன நத்தைக்குள்ள வளரும், அந்த நத்தையை எலி தின்னா மறுபடி முதல்லேர்ந்து. நடுவுல மனுஷன் வயித்துக்குள்ள போச்சுன்னா நேரா மூளைக்கு ஏறிடும். மண்டையைப் பிளக்குற தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி. மனுஷங்கள்ல முதல்ல கண்டது 1945-ல, தைவான்ல. கேரளாவுலயும் வந்திருக்கு.

மூலத்துக்கு நல்லதுன்னு நத்தைக்கறி சாப்பிடுறவங்க நல்லா வேகவெச்சுடுறாங்க, புழு செத்துடும். எனக்குப் பயம் கொத்தமல்லிதான். நேத்து கட்டைப் பிரிச்சா வேர்கிட்ட மிளகு சைஸ்ல ஒரு நத்தை! அம்மா ஒரு உதறு உதறிட்டு வேகவைக்காம பச்சையா அரைக்கிற சட்னிக்குப் போடப் போனாங்க. "இரும்மா"ன்னு வாங்கி, குழாயடியில ஒவ்வொரு தழையா அலசினேன். "தண்ணி வர்றதே அதிசயம், இதுல இவ வேற"ன்னு திட்டு.

அதுவும் நியாயம்தான். தண்ணி மாதிரிதான், குப்பை வண்டியும் சந்துக்குள்ள வராது, குப்பை கால்வாய்க்குத்தான் போகுது. எலிக்கு வேறென்ன வேணும்?