நிக்கி லௌடா: முதலாளி நின்ற இடம்

ஃபார்முலா ஒன் கார் ரேஸ் சாம்பியனும் விமான நிறுவன முதலாளியுமாக இருந்த ஆஸ்திரியாக்காரர் நிக்கி லௌடா என்றதும் கார் ரேஸ் ரசிகர்கள் 1976-க்குப் போய்விடுவார்கள். நான் விமானப் பராமரிப்பில் வேலை பார்க்கிறவன். எங்கள் தொழிலில் அந்தப் பெயரைக் கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது 1991. அந்த வருடத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. ஆனால் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியாமல் அது புரியாது.

வியன்னாவில் பெரிய தொழிலதிபர் குடும்பம். பேரன் ரேஸ் ஓட்டுவது தாத்தா ஹான்ஸ் லௌடாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஒரு வங்கி பேரனுக்குப் பணம் தருவதாக இருந்தது. தாத்தா தலையிட்டு அதை நிறுத்திவிட்டார். பேரன் வேறு வங்கிக்குப் போனார். ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை ஈடு காட்டிக் கடன் வாங்கி, அந்தப் பணத்தைக் கட்டி 'மார்ச்' என்ற ரேஸ் அணியில் இடம் பிடித்தார். செத்தால் பாலிசி கடனை அடைக்கும், பிழைத்தால் ஓட்டித்தான் அடைக்க வேண்டும். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதில் போட்ட கணக்கு அது.

1974-இல் ஃபெராரி அணி, 1975-இல் உலக சாம்பியன். 1976 ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங்கில் கார் மோதித் தீப்பிடித்தது. மற்ற ஓட்டுநர்கள் நான்கு பேர் நெருப்புக்குள் கைவிட்டு இழுத்துப் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் பாதிரியார் வந்து கடைசி ஜெபமும் சொல்லியாகிவிட்டது. ஆறே வாரத்தில், காயம் ஆறாத தலையில் கட்டோடு, இத்தாலியின் மோன்சாவில் ஓட்டி நான்காவதாக வந்தார். 1977-இல் மறுபடியும் சாம்பியன். 1979-இல் மாண்ட்ரியலில் பயிற்சி ஓட்டத்தின் நடுவே, வட்டம் சுற்றியது போதும் என்று இறங்கிப் போய்விட்டார்.

அதே வருடம் தொடங்கியதுதான் அவருடைய விமான நிறுவனம், லௌடா ஏர். சின்ன ஃபோக்கர் விமானங்கள், வாடகைப் பயணங்கள். ஆஸ்திரியாவில் அரசு விமான நிறுவனம் கோலோச்சிய காலம், ஒவ்வொரு அனுமதிக்கும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 1982-இல் மக்லாரன் அணியில் ரேஸுக்குத் திரும்ப வந்து, 1984-இல் அரைப் புள்ளி வித்தியாசத்தில் சக ஓட்டுநர் அலன் ப்ரோஸ்டை முந்தி மூன்றாவது பட்டம் வாங்கினார். 1985-இல் காரை விட்டுவிட்டு முழுநேர முதலாளியானார். சும்மா பெயரளவு முதலாளி இல்லை, உரிமம் எடுத்துத் தானே கேப்டனாகப் பறந்தார். எண்பதுகளின் கடைசியில் போயிங் 767 வாங்கி பாங்காக், சிட்னி என்று தூர தேசங்களுக்கு விட்டார்.

1991 மே 26. பாங்காக்கிலிருந்து வியன்னாவுக்குக் கிளம்பிய லௌடா ஏரின் 767, கால் மணி நேரத்தில் தாய்லாந்தின் காட்டுக்குள் விழுந்தது. 223 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

காரணம், த்ரஸ்ட் ரிவர்சர். தரையிறங்கிய பிறகு இன்ஜினின் காற்றை முன்பக்கம் திருப்பிவிட்டு வேகத்தைக் குறைக்கிற அமைப்பு அது. எங்களில் யாரும் அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பக்கம் வேலை என்றால், முதலில் அதைச் செயலிழக்கச் செய்து, சிவப்பு நாடா தொங்கும் பின்னைச் செருகி, காக்பிட்டில் எச்சரிக்கை அட்டை மாட்டிய பிறகுதான் கையை உள்ளே விடுவோம். தவறிப்போய் நகர்ந்தால் கை இருக்காது. தரையில் நிற்கும்போதே அப்படி. இந்த விமானத்திலோ இருபத்துநான்காயிரம் அடிக்கு மேலே, இன்ஜின் முழு வீச்சில் ஏறிக்கொண்டிருக்கும்போது இடது பக்கத்தில் மட்டும் அது திறந்துகொண்டது. அதற்குச் சில நிமிடம் முன்பே எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்கிறது. விமானிகள் கையேட்டைப் புரட்டியிருக்கிறார்கள். உடனே இதைச் செய் என்று அதில் எதுவும் இல்லை. தங்கள்மேல் குற்றம் சொல்ல இடமில்லாமல் முறையாக வேலை செய்த மனிதர்கள் அவர்கள்.

லௌடா விபத்து நடந்த இடத்துக்கே போனார். உடல்களும் உடைந்த பாகங்களும் கிடந்த காட்டில் நடந்தார். இறுதிச் சடங்குகளுக்குப் போய்க் குடும்பத்தாரின் முன்னால் நின்றார். பிறகு அமெரிக்காவில் விமானத்தைத் தயாரித்த போயிங்கிடம் போய் சிமுலேட்டர் கேட்டார், தரையிலிருந்தே விமானம் ஓட்டிப் பார்க்கும் கருவி அது. பறக்கும்போது ரிவர்சர் திறந்தாலும் விமானத்தைச் சமாளிக்கலாம் என்ற கணக்கில்தான் 767-க்குச் சான்று கொடுத்திருந்தார்கள். அந்தச் சோதனை குறைந்த வேகத்தில், குறைந்த உயரத்தில் நடந்தது. உண்மையான வேகத்தை வைத்து லௌடா திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார், ஒரு முறைகூட மீட்க முடியவில்லை.

இதை வெளியே சொல்லுங்கள் என்று போயிங்கிடம் சொன்னார். சட்டப் பிரிவு ஒப்புக்கொள்ளாது என்று பதில் வந்ததாம். அப்படியானால் ஒரு 767-இல் நானே ஏறுகிறேன், மேலே போய் ரிவர்சரைத் திறப்போம், பத்திரமாக இறங்குகிறேனா பாருங்கள் என்று சவால் விட்டார். அதன் பிறகே போயிங்கின் அறிக்கை வந்தது என்று பின்னாளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிற்பாடு ரிவர்சர்களில் கூடுதலாக இன்னொரு பூட்டு கட்டாயமானது. பாகங்களின் பெயரை மனப்பாடம் செய்யும் பயிற்சிப் பையன்களுக்கு நான் இந்தப் பூட்டின் கதையையும் சேர்த்தே சொல்வேன்.

தொழில் அவருக்குப் பிற்பாடு ஏறியும் இறங்கியும்தான் போனது. 2000-இல் லௌடா ஏர் ஆஸ்திரியன் ஏர்லைன்ஸின் கைக்குப் போக, அவர் வெளியேறினார். 2003-இல் நிக்கி என்று தன் பெயரிலேயே இன்னொரு விமான நிறுவனம். அது ஏர் பெர்லினுக்குப் போய், 2017-இல் திவாலானது. அடுத்த வருடம் திரும்ப வாங்கினார், அதுவும் சீக்கிரமே ரயன்ஏர் வசமானது. மெர்சிடிஸ் ஃபார்முலா ஒன் அணியில் தலைவராகவும் பங்குதாரராகவும் இருந்து ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டனை அங்கே வரவழைத்ததில் அவர் பங்கு பெரிது. தீக்காயத்தை மறைக்கப் போட்ட சிவப்புத் தொப்பியின் முன்பக்கத்தைக்கூட விளம்பரத்துக்கு விற்றார். 2019 மே மாதம் காலமானார்.

ஒரு கம்பெனியைக்கூடக் கடைசிவரை கையில் வைத்துக்கொள்ளவில்லையே, இவர் என்ன வியாபாரி என்று கேட்கிறவர்கள் உண்டு. லாப நஷ்டக் கணக்கில் அது சரியாக இருக்கலாம். விமானம் பறக்கத் தகுதியானது என்று தினமும் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவன் நான். அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் எப்படிப்பட்ட முதலாளி நிற்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் லௌடாவைத்தான் சொல்வேன்.